வட்டி தரும் நடப்புக் கணக்கு: மாத வரவு நிபந்தனையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பிரிட்டனில் நடப்புக் கணக்குக்கே வட்டி தரும் வங்கிகள் சில உண்டு. சாதாரணச் சேமிப்புக் கணக்கைவிட அதிகமாகவே தருவார்கள். பதிலுக்கு, மாதந்தோறும் குறிப்பிட்ட தொகை அந்தக் கணக்குக்கு வந்தாக வேண்டும். நேஷன்வைடின் ஃப்ளெக்ஸ்டைரக்ட் கணக்கில் சமீப ஆண்டுகளாக உள்ள ஏற்பாடு இது: முதல் 12 மாதங்களுக்கு, 1,500 பவுண்டு வரையிலான இருப்புக்கு 5 சதவீத வட்டி, மாதம் 1,000 பவுண்டு வரவு வேண்டும். 1,500 பவுண்டும் முழுதாக இருந்தால் மாதத்துக்கு 6 பவுண்டுக்குச் சற்று மேல் கிடைக்கும். ஒரு மாதம் வரவு குறைந்தால் அந்த மாத வட்டி போனது போனதுதான். கையில் பணம் இருந்தும் இதைக் கோட்டைவிட முடியும். அதற்கு நாள்காட்டியும் விதிமுறையின் ஓரிரு வரிகளுமே போதும்.

மாதம் 1,000 பவுண்டு என்றதும், அவ்வளவை எப்படி மிச்சம் பிடிப்பது என்று பலர் பின்வாங்கிவிடுகிறார்கள். இதுதான் முதல் தவறு. வங்கி கணக்கில் கொள்வது உள்ளே வந்த தொகையை மட்டுமே. காலையில் வந்த 1,000 பவுண்டு மாலையில் வெளியே போனாலும் நிபந்தனை நிறைவேறிவிடுகிறது. ஒரே தவணையில் வர வேண்டும் என்பதும் பொதுவாக இல்லை. மாதத்துக்குள் வந்த வரவுகளின் கூட்டுத்தொகையைத்தான் பார்க்கிறார்கள். ஆகவே சம்பளம் வேறு வங்கிக்குப் போனாலும் கவலையில்லை. அங்கிருந்து 1,000 பவுண்டு இங்கே வந்து, இரண்டு நாள் கழித்துத் திரும்பிப் போகும்படி இரண்டு ஸ்டாண்டிங் ஆர்டர் (குறித்த தேதியில் குறித்த தொகையைத் தானாக அனுப்பும் கட்டளை) போட்டுவிட்டால் போதும். இதில் தில்லுமுல்லு எதுவும் இல்லை. விதிமுறை இடம் தருகிறது.

எல்லா வரவும் வரவாகிவிடாது. அதே வங்கியில் உள்ள உங்கள் சேமிப்புக் கணக்கிலிருந்து மாற்றினால் ஃப்ளெக்ஸ்டைரக்டில் அது சேராது. கணவரோ மனைவியோ அதே நேஷன்வைடிலுள்ள தம் கணக்கிலிருந்து அனுப்பினாலும் சேராது. குடும்பத்தில் எல்லோரும் ஒரே வங்கியில் இருப்பவர்கள் இங்கேதான் அதிகம் ஏமாறுகிறார்கள்: திரையில் 1,000 பவுண்டு வந்ததாகத் தெரியும், மாதம் முடிந்ததும் வட்டி மட்டும் வராது. கடையில் திருப்பிக் கொடுத்த பொருளுக்காக அட்டைக்குத் திரும்பி வரும் பணத்தையும் நம்பாதீர்கள். இன்னொரு வங்கியிலிருந்து வரும் பணமே நிச்சயமானது.

நாள்காட்டி விஷயத்தில் இன்னும் கவனம் வேண்டும். ஸ்டாண்டிங் ஆர்டர் விடுமுறை நாளில் விழுந்தால் பல வங்கிகள் அதை அடுத்த வேலை நாளுக்குத் தள்ளிவிடுகின்றன. 2026 ஆகஸ்ட்டைப் பாருங்கள். 29 சனி, 30 ஞாயிறு, 31 திங்கள் வங்கி விடுமுறை. மாதக் கடைசியில் அனுப்பலாம் என்று 29ஆம் தேதியைக் குறித்து வைத்தவரின் பணம் செப்டம்பர் 1 செவ்வாய்க்கிழமைதான் நகரும். ஆகஸ்ட்டில் வரவு பூஜ்யம், செப்டம்பரில் இரண்டு முறை. அந்த இரண்டாவது முறையை ஆகஸ்ட் கணக்கில் எழுதிக்கொள்ள எந்த வங்கியும் முன்வராது. மாதத்தின் முதல் பாதியில், 5இலிருந்து 15க்குள் ஒரு தேதியை வைத்துக்கொண்டால் இந்தத் தொல்லையே இல்லை. ஏதாவது தவறிப்போனாலும் கையால் அனுப்பிச் சரிசெய்ய நாள் இருக்கும்.

வங்கி எந்த மாதத்தைக் கணக்கிடுகிறது என்பதையும் விதிமுறையில் பாருங்கள். 1ஆம் தேதி தொடங்கும் மாதமா, கணக்கு அறிக்கையின் மாதமா? இரண்டாவது என்றால் டிசம்பரில் சிக்கல் வரும். வழக்கமாக 28ஆம் தேதி வரும் சம்பளத்தைக் கிறிஸ்துமஸுக்காகப் பல நிறுவனங்கள் முன்கூட்டியே கொடுத்துவிடும். உங்கள் அறிக்கை மாதம் 20இலிருந்து 19 வரை என்று வையுங்கள். சம்பளம் டிசம்பர் 18இல் வந்தால் ஒரே காலத்தில் இரண்டு சம்பளம் விழுந்துவிடும். டிசம்பர் 20 முதல் ஜனவரி 19 வரை எதுவுமே வராது.

வாரச் சம்பளக்காரர்களுக்கு இதே கதை வேறு உருவில் வருகிறது. வரி, பிடித்தம் போக வெள்ளிக்கிழமைதோறும் 240 பவுண்டு கைக்கு வருகிறது என்றால், ஐந்து வெள்ளி உள்ள மாதத்தில் 1,200 ஆகும். நான்கு வெள்ளி உள்ள மாதத்தில் 960தான். 40 பவுண்டு குறைவதற்காக முழு மாத வட்டியும் போகும். சராசரியைப் பார்த்துத் திருப்திப்படாமல், மிகக் குறைவாக வரும் மாதத்தை வைத்துக் கணக்குப் போடுங்கள். குறையும் தொகையை வேறு வங்கியிலிருந்து அனுப்பிவிடுங்கள்.

பணத்தைச் சுற்ற விடுபவர்கள் வரவு, போக்கு இரண்டையும் ஒரே தேதியில் வைக்கக் கூடாது. வர வேண்டியது வருவதற்குள் போக வேண்டியது போய்விட்டால் ஓவர்டிராஃப்டில், அதாவது இருப்பைத் தாண்டி எடுத்த கடனில், விழுவீர்கள். 2020இல் விதிகள் மாறியதிலிருந்து பல வங்கிகள் அதற்கு ஆண்டுக்கு 40 சதவீதத்தை ஒட்டி வட்டி வாங்குகின்றன. இடையில் இரண்டு மூன்று வேலை நாள் விடுங்கள்.

சில கணக்குகளில் வரவோடு டைரக்ட் டெபிட்டும் (உங்கள் அனுமதியோடு ஒரு நிறுவனம் கணக்கிலிருந்து தானே பணம் எடுத்துக்கொள்ளும் ஏற்பாடு) கேட்பார்கள். 2012இல் வந்த சான்டாண்டரின் 123 கணக்கு மாதம் 500 பவுண்டு வரவும் இரண்டு டைரக்ட் டெபிட்டும் கேட்டது. ஸ்டாண்டிங் ஆர்டர் இதற்கு ஈடாகாது. அது நீங்கள் அனுப்புவது, டைரக்ட் டெபிட் அந்த நிறுவனம் எடுப்பது. இப்படிப்பட்ட கணக்கில் கவுன்சில் டாக்ஸை (உள்ளாட்சிக்குக் கட்டும் வீட்டு வரி) ஒரு டெபிட்டாக நம்பியிருப்பவர்கள் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும்: அதைப் பெரும்பாலும் ஏப்ரல் முதல் ஜனவரி வரை பத்துத் தவணையாகத்தான் எடுப்பார்கள். டெபிட் மாதாமாதம் நடக்க வேண்டும் என்று வங்கி கேட்டால், பிப்ரவரியும் மார்ச்சும் விடுபட்டுவிடும். கவுன்சிலிடம் கேட்டால் பன்னிரண்டு தவணையாக மாற்றித் தருவார்கள். தொண்டு நிறுவனம் ஒன்றுக்கு மாதம் இரண்டு பவுண்டு டைரக்ட் டெபிட் கொடுப்பதும் நல்ல வழி; எனக்கு அதுவே பிடித்தமானது.

கணக்கு மாற்றும்போதும் யோசித்துச் செய்யுங்கள். ஒரு வங்கியிலிருந்து இன்னொன்றுக்குக் கணக்கை மாற்றித் தரும் ஸ்விட்ச் சேவை வழியாக முழுதாக மாறினால் பழைய கணக்கு ஏழு வேலை நாளில் மூடப்படும். மாதாமாதம் பணம் அனுப்ப அந்தக் கணக்கைத்தான் வைத்திருந்தீர்கள் என்றால் வேறொன்றை முதலில் திறந்துவிடுங்கள்.

ஒரு மாதம் தவறிவிட்டால் பதறி கணக்கை மூடிவிடாதீர்கள். ஃப்ளெக்ஸ்டைரக்டில் இழப்பது அந்த மாத வட்டி மட்டுமே; அடுத்த மாதம் 1,000 பவுண்டு வந்தால் வட்டி மறுபடி தொடரும். 12 மாதம் முடியும் தேதியை மட்டும் குறித்து வையுங்கள். அதன் பிறகு வட்டி 1 சதவீதத்துக்கு இறங்கிவிடுகிறது. அப்போது அந்த 1,500 பவுண்டை வேறிடத்துக்கு மாற்றிவிடுங்கள்.