டின் கானாங்கெளுத்தி: தாளிக்கும் முன் ஒரு வாய்

டின்னைத் திறந்ததும் நேராகச் சட்டியில் கொட்டிவிடாதீர்கள். டின்னை மூடிய பிறகு அதிக வெப்பத்தில் வைத்துத்தான் தயாரிக்கிறார்கள், அதனால் மீன் ஏற்கெனவே வெந்தது. முதலில் ஒரு துண்டை அப்படியே தின்று பாருங்கள். உப்பு எவ்வளவு, சதை மெத்தென்று இருக்கிறதா, வறண்டு கிடக்கிறதா என்பது அந்த ஒரு வாயிலேயே தெரிந்துவிடும்.

எண்ணெயில் போட்டது என்றால் ஃப்ரிட்ஜில் வைத்துக் குளிரக் குளிரச் சாப்பிட வேண்டாம், வாசனையே எழும்பாது. அந்த எண்ணெயையும் கொட்டாதீர்கள், மீனின் ருசி பாதி அதில்தான் இறங்கியிருக்கும். உப்புநீரில் போட்டதை மட்டும் நன்றாக வடித்துவிடுங்கள். தக்காளி சாஸில் வருவது வேறு ரகம், அது சூடாக இருந்தால்தான் நன்றாயிருக்கும்.

பரிமாறும்போது கரண்டியால் கிளறாமல், முள்கரண்டியால் நடுமுள் ஓரமாக மெல்ல நெம்புங்கள். சதை பெரிய இதழ்களாகப் பிரிந்து வரும். முள்ளும் மெத்தென்று நசுங்கும், தின்னலாம், கால்சியமும் கிடைக்கும். மேலே எலுமிச்சைச் சாறு, பொடியாக நறுக்கிய வெங்காயம், கொஞ்சம் மிளகுத்தூள். புளிப்பு கட்டாயம் வேண்டும், இது கொழுப்பு மீன். உப்பு அநேகமாகத் தேவைப்படாது. வறுத்த ரொட்டி மேல் வைத்தால் அருமை, வெறும் சோற்றோடும் சரிதான்.

குழம்பில் போடுவதாக இருந்தால் இறக்குவதற்குச் சற்று முன் போட்டால் போதும். மிச்சத்தை டின்னிலேயே விடாமல் மூடியுள்ள கண்ணாடிப் பாத்திரத்துக்கு மாற்றி ஃப்ரிட்ஜில் வைத்து, 3 நாளுக்குள் முடித்துவிடுங்கள். அப்புறம், உப்பிய டின்னைத் திறக்கவே வேண்டாம், குப்பைக்குத்தான்.