வெள்ளம் வடிந்த விளையாட்டுத் திடல்: தரையைச் சீரமைக்கப் பணம் திரட்டுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வெள்ளம் வடிந்த பிறகும் ஊஞ்சலும் சறுக்குமரமும் நின்ற இடத்திலேயே நிற்கும். அதைப் பார்த்துவிட்டு, "பெரிய சேதம் ஒன்றுமில்லை, தரையை மட்டும் சரிசெய்தால் போதும்" என்று ஒரு தொகையை எழுதிவிடுவார்கள். ஆனால் குழந்தை விழுவது அந்தத் தரையில்தான். விழும் வேகத்தை வாங்கிக்கொண்டு தலையைக் காப்பதும் அதுதான். நிதி திரட்டும் வேலை பெரும்பாலும் பாதியில் நிற்பதற்குக் காரணம் மக்கள் பணம் தராதது அல்ல. கண்ணுக்குத் தெரியும் மேல்தளத்துக்கு மட்டும் பணம் கேட்டுவிட்டு, தோண்டிப் பார்க்கும்போது அடியில் இன்னொரு செலவு காத்திருப்பதே காரணம்.

படம் எடுக்காமல் மண்வெட்டியை எடுப்பது

சேற்றைப் பார்த்ததும் உடனே அள்ளிப் போடத் தோன்றும். ஊரே சேர்ந்து ஒரே நாளில் சுத்தம் செய்தும் விடும். பிறகு காப்பீட்டுக்காரரோ பேரிடர் நிதி அதிகாரியோ வந்து பார்க்கும்போது சேதத்துக்குச் சான்று எதுவும் இருக்காது. எதையும் அள்ளும் முன் நான்கு மூலைகளிலிருந்தும் முழுத் திடலையும் படம் எடுங்கள். ஒவ்வொரு விளையாட்டுச் சாதனத்தின் காலடியையும் தனியாக எடுங்கள். கம்பத்தில் தண்ணீர் நின்ற கறையின் உயரத்தை அளவுநாடாவோடு சேர்த்து எடுங்கள். வண்டல் எத்தனை செ.மீ. படிந்திருக்கிறது என்பதை ஐந்தாறு இடங்களில் அளந்து, திடலின் ஒரு கைவரைபடத்தில் எண்ணிட்டுக் குறியுங்கள்.

வெள்ளத்துக்கு முந்தைய படங்களும் பராமரிப்புப் பதிவேடும் அதே அளவு முக்கியம். "இது வெள்ளத்தால் வந்த சேதமா, ஏற்கெனவே தேய்ந்து கிடந்ததா?" என்ற கேள்வி கட்டாயம் வரும். கடைசியாக எப்போது மணல் நிரப்பினீர்கள், எப்போது ஆய்வு நடந்தது என்று காட்ட முடியாவிட்டால் இழப்பீட்டில் ஒரு பகுதி கைவிட்டுப் போகும்.

மேலே மட்டும் பார்த்து மதிப்பிடுவது

மணல், பொடிக் கூழாங்கல், மரச்சில்லு போன்ற தளர்வான பொருள்களை எடுத்துக்கொள்வோம். வெள்ளநீர் சாக்கடையையும் எண்ணெயையும் நுண்ணிய வண்டலையும் கொண்டுவருகிறது. வண்டல் மணல்துகள்களின் இடைவெளிகளை அடைத்துவிட்டால், காய்ந்ததும் தரை கெட்டியாகிவிடும். மேலே இரண்டு அங்குலம் புதுமணல் போட்டால் பார்க்கப் பளிச்சென்றிருக்கும், அடியில் பாறை மாதிரி இருக்கும். மரச்சில்லு ஊறிப்போய் அழுகும், பூஞ்சை பிடிக்கும். சாக்கடை கலந்த தளர்வான பொருளைக் கழுவி மறுபடி பயன்படுத்த முயலாதீர்கள். முழுவதையும் அகற்ற வேண்டும். அதன் அடியில் விரித்திருக்கும் ஜியோடெக்ஸ்டைல் துணியும் (தண்ணீரை விட்டு மண்ணைத் தடுக்கும் துணி), துணிக்குக் கீழே உள்ள ஜல்லியும், துளைக்குழாய் வடிகாலும் அடைபட்டிருக்கும். இவற்றுக்குத் தனித்தனி வரி மதிப்பீட்டில் இல்லையென்றால் அந்த மதிப்பீடு முழுமையில்லை.

ஊற்றிப் பரப்பிய ரப்பர் தளம் இதைவிட ஏமாற்றும். மேலே வண்ணம் அப்படியே இருக்கும். அடியில் ஓடிய தண்ணீர் ஜல்லியை அரித்து வெற்றிடம் உண்டாக்கியிருக்கும். மரச் சுத்தியலால் ஒரு மீட்டர் இடைவெளியில் தட்டிக்கொண்டே போனால் பொள்ளென்று ஒலிக்கும் இடங்கள் தெரியும், சாக்பீஸால் வட்டமிடுங்கள். ஒரு வாளி தண்ணீரை ஊற்றிப் பாருங்கள். ஜல்லிமேல் போட்ட தளமாக இருந்தால் தண்ணீர் விரைவில் இறங்கிவிடும். நிமிடக்கணக்கில் தேங்கி நின்றால் துளைகளை வண்டல் அடைத்துவிட்டது என்று அர்த்தம். தாழ்வான மூலை, ஓரம், ஊஞ்சலுக்கு அடி என மூன்று இடங்களில் கையகலத் துண்டு வெட்டியெடுத்து, மேல் வண்ண அடுக்கும் அடி மெத்தை அடுக்கும் ஒட்டியிருக்கின்றனவா, அடித்தளம் உறுதியா என்று பாருங்கள். ரப்பர் டைல் என்றால் மூலைகள் மேலெழுந்திருக்கும், பசை விட்டுப்போயிருக்கும்.

கம்பங்களின் அடிக் கான்கிரீட் வெளியே தெரிகிறதா என்பதையும் இதே சுற்றில் பார்த்துவிடுங்கள். புதுத் தளம் போட்ட பிறகு கம்பம் ஆடுவது தெரிந்தால், போட்ட தளத்தையே உடைக்க வேண்டிவரும்.

பரப்பளவை எழுதி, கன அளவை மறப்பது

ஒரு கணக்கு. 15 மீட்டர் நீளம், 12 மீட்டர் அகலம் என்றால் 180 சதுர மீட்டர். அழுந்திய நிலையில் 23 செ.மீ. ஆழம் வேண்டும். தளர்வான பொருள் நாளடைவில் கால்பங்கு வரை அமுங்கும். ஆகவே போடும்போது 30 செ.மீ. போட வேண்டும்: 54 கன மீட்டர். 23 செ.மீ.க்கே கணக்கிட்டு 41 கன மீட்டர் வாங்கியவர்கள் சில மாதங்களில் மறுபடி உண்டியல் ஏந்த வேண்டியிருக்கும்.

வெளியே போகும் கணக்கு இன்னும் முக்கியம், அதைத்தான் அதிகம் பேர் விட்டுவிடுகிறார்கள். பழைய மணல் 41 கன மீட்டர், மேலே 5 செ.மீ. வண்டல் 9 கன மீட்டர், ஆக 50. ஈர மணல் கன மீட்டருக்கு ஏறத்தாழ 1.8 முதல் 2 டன் வரை எடை இருக்கும். மொத்தம் 90 முதல் 100 டன். தோண்டினால் மண் பூரித்துக் கன அளவு பத்து விழுக்காடாவது கூடும். 6 கன மீட்டர் பிடிக்கும் லாரியில் ஒன்பது, பத்து லோடு. கழிவு கலந்த மண்ணை எங்கே வேண்டுமானாலும் கொட்ட விடமாட்டார்கள். கொட்டும் இடத்துக்கும் கட்டணம் உண்டு.

ஆழம் எவ்வளவு என்பதைச் சாதனத்தின் உயரம் முடிவு செய்கிறது. அமெரிக்க நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையத்தின் கையேட்டின்படி, அழுந்திய 9 அங்குல (23 செ.மீ.) மணல் ஏறத்தாழ 1.2 மீட்டர் உயரத்திலிருந்து விழுவதற்குத்தான் போதும். பொடிக் கூழாங்கல் அதே ஆழத்தில் 1.5 மீட்டர் வரை, மரச்சில்லு 3 மீட்டர் வரை தாங்கும். ரப்பர் சில்லு 6 அங்குலத்திலேயே 3 மீட்டர் வரை தாங்கும். உங்கள் சறுக்குமர மேடை 2 மீட்டர் உயரம் என்றால், அங்கே மணல் வெள்ளத்துக்கு முன்பும் போதவில்லை என்பதே உண்மை.

"முன்பு இருந்தபடி" என்ற சொல்லைக் கவனிக்காதது

இந்த இடத்தில்தான் பல விண்ணப்பங்கள் சிக்குகின்றன. பேரிடர் நிதியும் காப்பீடும் பொதுவாக முன்பு இருந்த நிலைக்குக் கொண்டுவரும் செலவைத்தான் ஏற்கும். மணல் இருந்த இடத்தில் ரப்பர் தளம் கேட்டு ஒரே தொகையாக எழுதினால் முழு விண்ணப்பமும் தள்ளுபடியாகலாம். மூன்றாகப் பிரியுங்கள்: பழைய நிலைக்கு மீட்கும் செலவு, பாதுகாப்பு விதி இப்போது கட்டாயப்படுத்துவதால் கூடும் செலவு, அடுத்த வெள்ளத்தைத் தாங்க நீங்கள் விரும்பிச் சேர்க்கும் செலவு. முதலாவதைக் காப்பீட்டிடமும் அரசிடமும் கேட்கலாம். இரண்டாவதற்கு விதியின் நகலை இணைக்க வேண்டும். மூன்றாவதற்கு நன்கொடையாளர்களைத் தேடுங்கள். வடிகால் போடுவது, தரையை உயர்த்துவது எல்லாம் அதில் வரும்.

பாலிசியையும் வரிவரியாகப் படியுங்கள். சாதனங்களை மட்டும் பட்டியலிட்டு, தரையை "நிலம்" என்று ஒதுக்கிவிடும் பாலிசிகள் உண்டு. வெள்ளத்தையே விலக்கியவையும் உண்டு. தேய்மானம் கழித்துத் தருகிறார்களா, புதிதாகப் போடும் விலையைத் தருகிறார்களா என்பதைப் பொறுத்துக் கைக்கு வரும் தொகை பெரிதாக மாறும்.

பணம் வரும் வரிசையைக் குழப்புவது

முதலில் காப்பீடு, பிறகு அரசு நிதி, மிச்சத்துக்கு அறக்கட்டளையும் பொதுமக்களும். இந்த வரிசை தலைகீழானால், ஒரே செலவுக்கு இரண்டு இடத்தில் வாங்கியதாகிவிடும். திருப்பிக் கட்டச் சொல்வார்கள். பல நிதித்திட்டங்களில் ஒப்புதல் கடிதத்துக்கு முந்தைய பில் செல்லாது. பொறுக்க முடியாமல் வேலையைத் தொடங்கிவிட்டு அந்தப் பில்லை வைத்துக்கொண்டு தவிப்பவர்கள் உண்டு. திடலை மூடி வேலி போடுவது, கழிவை அகற்றுவது போன்ற அவசர வேலைகளை மட்டும் முன்கூட்டியே செய்யலாமா என்று எழுத்தில் கேட்டுப் பதில் வாங்கிக்கொள்ளுங்கள்.

இன்னொன்று: அரசு நிதி பெரும்பாலும் நீங்கள் செலவழித்த பிறகே திரும்பி வரும். அதுவரை ஒப்பந்ததாரருக்கு யார் கொடுப்பது? இதற்கு விடை இல்லாமல் வேலை ஆணை கொடுக்காதீர்கள்.

பொதுமக்களிடம் திரட்டும் முன் திடலுக்கு உரிமையுள்ள அமைப்பின் எழுத்துபூர்வ அனுமதி வேண்டும். இரண்டு பேர் கையெழுத்திட்டால்தான் பணம் எடுக்க முடியும் என்ற தனிக் கணக்கு வேண்டும். இலக்கை எட்டாவிட்டால் பணம் என்னாகும், மிஞ்சினால் என்னாகும் என்பதை முதல் நாளே அறிவியுங்கள். தன்னார்வலர் உழைப்பையும் உள்ளூர்ப் பங்காகக் கணக்கில் ஏற்கும் திட்டங்கள் இருக்கின்றன. பெயர், வேலை, மணிநேரம், கையெழுத்துடன் வருகைப்பதிவு இல்லையென்றால் அந்த உழைப்பெல்லாம் கணக்கில் ஏறாது.

இலவசமாகக் கிடைக்கிறதே என்று வாங்கிப் போடுவது

வெள்ளத்துக்குப் பிறகு நல்ல மனதோடு பொருள் தர வருவார்கள். வணக்கத்தோடு வாங்குவதற்கு முன் சோதியுங்கள். பாறைத்தூள் நன்றாக இறுகும். கட்டுமானத்தில் அது நல்ல குணம், விளையாட்டுத் தரையில் ஆபத்து. விழுந்த மரங்களை அரைத்த சில்லில் முள்ளும் ஆணியும் இருக்கலாம், மருந்தடித்த பலகையும் கலந்திருக்கலாம். பழைய டயர்த் துருவலில் இரும்புக் கம்பி நீட்டிக்கொண்டிருக்கும். மாதிரி பார்த்து, சோதனைச் சான்று கேட்டு, பிறகு லோடை இறக்கச் சொல்லுங்கள்.

ஒப்பிட முடியாத விலைப்புள்ளிகள்

மூன்று பேரிடம் விலை கேட்டு, குறைந்த விலைக்காரருக்குக் கொடுப்பார்கள். ஒருவர் அகற்றும் செலவைச் சேர்த்திருப்பார், மற்றவர் சேர்த்திருக்க மாட்டார். ஒரே பக்கத்தில் நீங்களே வேலைவிவரம் எழுதி மூவருக்கும் அதையே கொடுங்கள்: பரப்பளவு, அகற்றும் ஆழம், ஜல்லியின் தடிமன், துணி, வடிகால், ஓரக்கட்டு, தளப்பொருள், தாங்க வேண்டிய விழும் உயரம், சோதனை. ரப்பர் தளமானால் அடித்தளம் நன்றாகக் காய்ந்த பிறகே ஊற்ற வேண்டும் என்றும் எழுதுங்கள். பாலியூரித்தேன் பசை ஈரத்தோடு சேர்ந்தால் நுரைத்துப் பிடிப்பு விட்டுவிடும். வெள்ளம் வடிந்த அவசரத்தில் ஊற்றிய தளங்கள் உரிந்து வருவது இதனால்தான்.

சோதனை என்பது கண்ணால் பார்ப்பதல்ல. ஏ.எஸ்.டி.எம். எஃப்1292 (அமெரிக்கா), இ.என். 1177 (ஐரோப்பா) ஆகிய தரங்களின்படி, உணரி பொருத்திய தலைவடிவ எடையைத் தரையில் விழவிட்டுத் தாக்கத்தை அளப்பார்கள். தலையில் காயம் படும் அபாயத்தைக் காட்டும் தலைக்காயக் குறியெண் 1000-ஐத் தாண்டக் கூடாது, உச்ச அதிர்வும் 200 ஜி-யை (புவியீர்ப்பு முடுக்கத்தின் 200 மடங்கை) தாண்டக் கூடாது. இந்தச் சோதனைக் கட்டணத்தை மதிப்பீட்டிலேயே சேர்த்துவிடுங்கள். பத்து விழுக்காட்டுத் தொகையைப் பிடித்து வைத்து, சோதனை தேறி, ஒரு நல்ல மழையில் தண்ணீர் வடிவதைப் பார்த்த பிறகு கொடுங்கள். தோண்டும்போது எதிர்பாராமல் வருவதற்கென்று இன்னொரு பத்து முதல் பதினைந்து விழுக்காடு ஒதுக்கீடும் வேண்டும்.

திரட்டும் தொகையிலேயே முதல் இரண்டு ஆண்டுக்கான மேல்நிரப்புக்கும் பணம் ஒதுக்குங்கள். ஊஞ்சலின் அடியிலும் சறுக்குமரத்தின் வாயிலிலும் மணல் தினமும் விலகும். ஒவ்வொரு கம்பத்திலும் இருக்க வேண்டிய மட்டத்தில் ஒரு வண்ணக்கோடு போட்டுவிட்டால், கோட்டுக்குக் கீழே மணல் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று அளந்து, அடுத்த லோடுக்கு எப்போது சொல்ல வேண்டும் என்பதைத் திடலைப் பெருக்குபவரே முடிவு செய்துவிடலாம்.