தேசியப் போட்டிக்கு முந்தைய நாள்: எப்பே வாளைத் தயார் செய்தல்

எப்பே என்பது வாள்வீச்சு விளையாட்டின் ஒரு வகை; வாளின் நுனி அழுந்தினால் தொடுகையைக் காட்டும் விளக்கு எரியும். வாள்கள் 2, பாடி வயர்கள் (வாளை விளக்குக் கருவியுடன் இணைக்க உடையினுள் செல்லும் கம்பிகள்) 2, இவை கட்டாயம். ஒன்றுடன் போய் நின்றால் ஆட்டம் தொடங்கும் முன்பே மஞ்சள் அட்டை. மூன்றாவது வாளும் இருந்தால் நிம்மதி.

வாளை நுனி மேலாக நிமிர்த்தி, 750 கிராம் எடையை வைத்து அழுத்தி விடுங்கள். ஸ்பிரிங் எடையைத் தூக்கி, விளக்கு அணைய வேண்டும். தூக்காவிட்டால் உடனே ஸ்பிரிங்கை மாற்றாதீர்கள். பெரும்பாலும் நுனிக்குள் சேர்ந்த அழுக்குதான் காரணம். துடைத்தும் சரியாகாவிட்டால் மாற்றுங்கள்.

அடுத்து நுனிக்கும் அதன் உறைக்கும் இடையே 0.5 மி.மீ. தகட்டைச் செருகி அழுத்துங்கள்; விளக்கு எரியக் கூடாது. விளக்கு எரிந்தால் உள்ளிருக்கும் சிறிய ஸ்பிரிங் நீளம் அதிகம். அரைத் திருப்பு உள்ளே முறுக்கிவிட்டு மறுபடி பாருங்கள். 1.5 மி.மீ. தகடும் தடையின்றி நுழைய வேண்டும். நுனியின் இரண்டு குட்டித் திருகுகளில் ஒன்று விழுந்தாலும் வாள் செல்லாது. உதிரித் திருகுகள் பையில் இருக்கட்டும்.

நுனி கைக்காப்பில் பட்டாலே விளக்கு எரிகிறதா? கைக்காப்பிலுள்ள துருவை உப்புத்தாளால் தேயுங்கள்.

பூல் ஆட்டம் (குழுவில் உள்ள ஒவ்வொருவரும் மற்ற எல்லோருடனும் மோதும் முதல் சுற்று) 5 தொடுகை, 3 நிமிடம். வெற்றி சமமானால் அடித்தது கழித்தல் வாங்கியதுதான் தரவரிசையைத் தீர்மானிக்கும். 1-4 என்று பின்தங்கினாலும் அடுத்த தொடுகைக்குப் போராடுங்கள். மதிப்பெண் தாளைக் கூட்டிப் பார்க்காமல் கையெழுத்திடாதீர்கள்.