50 நகர்வு டிரா: எண்ணுவதிலும் கேட்பதிலும் நடக்கும் தவறுகள்

செஸ் விதிகளில் அதிகம் பேர் அரைகுறையாகத் தெரிந்துவைத்திருப்பது 50 நகர்வு விதியைத்தான். இரு தரப்பும் ஆளுக்கு 50 நகர்வு ஆடி, அதற்குள் ஒரு காயும் வெட்டுப்படாமல், ஒரு சிப்பாயும் நகராமல் இருந்தால் டிரா கேட்கலாம். அவ்வளவுதான் விதி.

வீட்டில் ஆடிப் பழகியவர்களிடம் வேறொரு கணக்கு ஓடும்: எதிராளியிடம் ராஜா மட்டும் மிஞ்சினால் 16 நகர்வுக்குள் மேட் வைத்தாக வேண்டும். சிலர் 21 என்பார்கள். சர்வதேச செஸ் கூட்டமைப்பான ஃபிடேயின் விதிகளில் அப்படி எதுவும் கிடையாது. கடைசியாகக் காய் வெட்டிய, அல்லது சிப்பாய் நகர்ந்த இடத்திலிருந்து எண்ண வேண்டும். ராஜா தனியானதும் புதுக்கணக்கு எதுவும் இல்லை. எண்ட்கேமாக, அதாவது சில காய்களே மிஞ்சிய கடைசிக் கட்டமாக, இருக்க வேண்டும் என்றுகூட இல்லை. 1966இல் போலந்தில் பிலிபோவிச்சும் ஸ்மெடெரெவாட்சும் ஆடிய ஆட்டம் 32 காய்களும் பலகையில் நிற்க, 70 நகர்வில் இந்த விதிப்படி டிரா ஆனது.

இன்னொன்று, வெள்ளையின் நகர்வை ஒன்று, கறுப்பின் நகர்வை இரண்டு என்று எண்ணி 50 வந்ததும் கை தூக்குவது. உண்மையில் அப்போது பாதிதான் ஆகியிருக்கும்.

அதிகம் புள்ளி போவது டிரா கேட்கும் விதத்தில். ஆன்லைனில் மென்பொருளே எண்ணிக்கொள்வதால், நேரில் முதல் போட்டிக்கு வரும் பிள்ளைகள் நடுவர் வந்து நிறுத்துவார் என்று காத்திருக்கிறார்கள். அவர் தானாக நிறுத்துவது ஆளுக்கு 75 நகர்வு ஆன பிறகுதான். 2014இல் வந்த விதி அது. அந்த 75ஆவது நகர்வே மேட் என்றால் மேட்தான் செல்லும். 50இல் டிரா வேண்டுமென்றால் நீங்கள்தான் கேட்க வேண்டும், அதுவும் உங்கள் முறையில். உங்கள் நகர்வோடு 50 நிறைகிறது என்றால், அந்த நகர்வை ஸ்கோர் ஷீட்டில் எழுதுங்கள், கடிகாரத்தை நிறுத்துங்கள், நடுவரை அழைத்துச் சொல்லுங்கள். காயைத் தொடாதீர்கள். ஆடுவதற்காகத் தொட்டுவிட்டால் அந்த முறை கேட்கும் உரிமை போயிற்று. கணக்கு தப்பாக இருந்தால் எதிராளிக்கு 2 நிமிடம் கூடுதலாகக் கிடைக்கும், எழுதிய நகர்வையே நீங்கள் ஆட வேண்டும். ஷீட்டில் கடைசி வெட்டுக்கோ சிப்பாய் நகர்வுக்கோ பக்கத்தில் ஒரு சின்னக் கோடு போட்டுவைத்தால் இந்தத் தலைவலி இல்லை.

வெல்லும் பக்கம் இருப்பவர் செய்கிற தவறு, சிப்பாய் நகர்வுகளை அவசரமாகச் செலவழிப்பது. ஒவ்வொரு சிப்பாய் நகர்வும் எண்ணிக்கையைப் பூஜ்யத்துக்குக் கொண்டுபோகும். 2021இல் துபாயில் உலக சாம்பியன் போட்டியில் கார்ல்சன் நெப்போம்னியாச்சியை 136 நகர்வில் வென்ற ஆட்டத்தில், ராணிக்கு எதிராக யானை, குதிரையோடு அவரிடம் இரண்டு சிப்பாய்கள் இருந்தன. சிப்பாயே இல்லாதவருக்கு அந்த வசதி கிடையாது. பிஷப்பும் குதிரையும் வைத்து மேட் செய்ய, சரியாக ஆடினால் அதிகபட்சம் 33 நகர்வு போதும். ஆனாலும் 2013இல் ஜெனீவாவில், அப்போதைய மகளிர் உலக சாம்பியன் உஷெனினா, கிர்யாவிடம் அந்த மேட்டை முடிக்க முடியாமல் டிராவுக்கு விட்டார். 17 நகர்வு தடுமாற விதியே இடம் கொடுத்திருந்தது. மேட் முறை கைக்கு வராததற்கு விதியைக் குறை சொல்வதில் நியாயம் இல்லை.

சரி, நீண்ட எண்ட்கேம்களுக்காக வரம்பைக் கூட்டலாமா? கூட்டச் சொல்பவர்கள் உடனே கணினியைக் காட்டுவார்கள். இரண்டு குதிரை ஒரு சிப்பாயை எதிர்த்து வெல்ல 115 நகர்வு வரை ஆகலாம். ஏழு காய் நிலைகளில் மேட்டுக்கு 549 நகர்வு பிடிக்கும் ஒன்றும் இருக்கிறது. இதை வைத்து விதியை மாற்றச் சொல்வதுதான் வாதத்தில் நடக்கும் பெரிய தவறு. அந்த நகர்வுகளில் பெரும்பாலானவை ஏன் ஆடப்படுகின்றன என்று கிராண்ட்மாஸ்டர்களுக்கே புரியாது. அதோடு, இதை ஃபிடே ஏற்கெனவே செய்து பார்த்துவிட்டது. யானையும் பிஷப்பும் யானைக்கு எதிராக நிற்கும் எண்ட்கேமுக்கு 100 நகர்வு அனுமதித்திருந்த காலத்தில், 1989இல் பெல்கிரேடில் நிகோலிச்சும் அர்சோவிச்சும் 269 நகர்வு ஆடினார்கள். கடைசி 100 நகர்வும் அதே எண்ட்கேம்தான். முடிவு? டிரா. பிறகு அந்த விலக்குகளை எல்லாம் எடுத்துவிட்டு, எல்லாவற்றுக்கும் 50 என்று பழையபடி வைத்தார்கள். என் கணக்கில் அதுவே சரி.

எதிர்ப்பக்கம் 30ஆகக் குறைக்கச் சொல்பவர்களும் உண்டு. அப்படிச் செய்தால் மேலே சொன்ன 33 நகர்வு மேட்டே சில நிலைகளில் செல்லாமல் போய்விடும். இந்த இரண்டு வாதத்திலும் கடிகாரத்தை யாரும் பார்ப்பதில்லை. ஒவ்வொரு நகர்வுக்கும் கடிகாரத்தில் 30 விநாடி கூடும் போட்டியில், கையிருப்பு நேரம் தீர்ந்த பிறகு இருவரும் ஆளுக்கு 50 நகர்வு ஆட அதிகபட்சம் 50 நிமிடம் ஆகும். வரம்பு 100 என்றால் ஒரு மணி 40 நிமிடம். ஒரே நாளில் இரண்டு சுற்று வைக்கும் ஓப்பன் போட்டிகளில், அந்த ஒரு மேசை முடியும்வரை அடுத்த சுற்றுக்கு ஜோடி போட முடியாமல் மொத்த அரங்கும் காத்திருக்கும்.