டிராலியும் டிக்கர் டைமரும்: உராய்வை முதலில் சரிக்கட்டுங்கள்
தென்னாப்பிரிக்காவின் டர்பனில், சாட்ஸ்வர்த் பக்கம் பிள்ளைகளுக்கு முடுக்கம் சொல்லித் தரப் போகிறீர்களா? டிராலி (சிறு வண்டி), நீளப் பலகை, கப்பி, நூல், கொக்கி, எடைக்கற்கள், டிக்கர் டைமர் (வண்டி இழுத்துப்போகும் நாடாவில் சம நேர இடைவெளியில் புள்ளி குத்தும் கருவி), காகித நாடா போதும். எடை எதையும் தொங்கவிடாமல், பலகையின் ஒரு முனைக்கு அடியில் புத்தகம் அடுக்கி, லேசாகத் தள்ளிவிட்ட வண்டி நாடாவில் சம இடைவெளியில் புள்ளி வைக்கும்வரை உயர்த்திக்கொண்டே போங்கள். இதைச் செய்யாமல்தான் முதல் வருடம் முழுக்க என் வகுப்பில் ஒரு விசை–முடுக்க வரைபடக் கோடுகூட ஆதிப்புள்ளி வழியாகப் போகவில்லை. இங்கே மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், டைமர் விநாடிக்கு 50 புள்ளி குத்தும், ஆகவே இரண்டு புள்ளிகளுக்கு நடுவே 0.02 விநாடி. அப்புறம் விசையைக் கூட்ட, கற்களை வண்டியிலிருந்தே எடுத்து, கப்பி வழியாக வண்டியை இழுக்கும் நூலின் கொக்கிக்கு மாற்றுங்கள், மொத்த நிறை மாறக் கூடாது. கரண்ட் போய்விட்டதா? சரி, பலகையோரம் அளவுகோலை ஒட்டி, போனில் ஸ்லோமோஷன் எடுங்கள்.