ஜெம்பே சத்தம் மந்தமாச்சு, விரலும் வெடிச்சுது: நான் பண்ணது

மழை சீசன் வந்தாலே என் ஜெம்பேல (கையால தட்டற மேற்கு ஆப்பிரிக்க மேளம்) ஸ்லாப், அதாவது அந்த கூர்மையான 'பட்' சத்தம், காணாம போயிடும், ஆட்டுத்தோல் ஈரத்தை இழுத்து தொய்ஞ்சு எங்க அடிச்சாலும் ஒரே தொப்பு தொப்புனுதான் கேக்கும். வெயில்ல வச்சு காயவைக்கலாம்னு சிலர் சொல்வாங்க, தயவுசெஞ்சு வேணாம், தோல் ஒரேயடியா இறுகி கிழிஞ்சுடும். நிலைச்சு நின்ன தீர்வு கயிறை முறுக்கினதுதான். மேற்கு ஆப்பிரிக்கால மாலி, கினி பக்கம் பண்ற முறை: மிச்சம் இருக்கற கயிறை, தோலை இழுத்துப் பிடிச்சு மேலருந்து கீழ ஓடற ரெண்டு நெட்டுக் கயிறுக்கு அடியில விட்டு, திரும்பி ஒண்ணுக்கு மேல வந்து மறுபடி அடியில நுழைச்சு பலமா இழுத்தா அது ரெண்டும் குறுக்கே மாறி டக்குனு ஒரு டைமண்ட் (வைர வடிவ முடிச்சு) விழும், ஒவ்வொண்ணு விழும்போதும் சுருதி ஏறும், நடுநடுவுல தட்டிக் கேட்டுக்கிட்டே போங்க. கேக்கவே அவ்ளோ சந்தோஷமா இருக்கும்!

கைக்கு ஷியா பட்டர். அதே மேற்கு ஆப்பிரிக்க மண்ணோட மரத்துக் கொட்டைல எடுக்கறது. ராத்திரி வெடிப்புல தேச்சுட்டு படுத்தேன், நல்லா ஆறிடுச்சு. ஜெம்பேயோட மரக்கட்டை உடம்புக்கும் அதையே லேசா தடவறேன். மோதிரத்தை கழட்டிடுங்க, ஜெம்பே விளிம்புல விரல் மூட்டு படாம விரலோட அடிப்பக்கத்துல இருக்கற சதை படணும், வீக்கம் பாதி அதுலயே நின்னுச்சு. வெறித்தனமா ரொம்ப நேரம் வாசிச்சா சிலருக்கு சிறுநீர் சிவப்பா போகும், அப்படி ஆனா வாசிக்கறத நிறுத்திட்டு உடனே டாக்டரைப் பாருங்க.