மினி பிசி: ப்ராசஸர் பெயரைத் தாண்டிப் பார்க்க வேண்டியவை

மினி பிசி என்பது சின்னப் பெட்டிக்குள் அடங்கும் கம்ப்யூட்டர். அதன் விளம்பரத்தில் கொட்டை எழுத்தில் இருப்பது ப்ராசஸரின் பெயர்தான். அதே ப்ராசஸர் ஒரு பெட்டியில் பாயும், இன்னொன்றில் தவழும். அதற்கு எத்தனை வாட் விடுகிறார்கள், ரேம் எத்தனை சேனலில் (ப்ராசஸரோடு இணைக்கும் பாதை) ஓடுகிறது, எஸ்எஸ்டி ஸ்லாட்டுக்கு எத்தனை லேன் (தரவு போகும் தடம்) போகிறது என்ற மூன்றும்தான் வேகத்தைத் தீர்மானிக்கின்றன. ஸ்பெக் ஷீட்டில் பெரும்பாலும் விடுபடுவதும் இவைதான். திருப்பித் தரும் கெடு முடிவதற்குள் நீங்களே சோதித்துவிடுங்கள்.

முதலில் பெயரையே கவனமாகப் படிக்க வேண்டும். ஏஎம்டியின் ரைசன் 7 7730யூ, 7735எச்எஸ், 7840எச்எஸ் மூன்றுமே 8 கோர் (கணக்குப் போடும் பகுதி), 16 திரெட் (ஒரே நேரத்தில் ஓடும் வேலை). ஆனால் இந்த வரிசையில் மூன்றாவது இலக்கம்தான் உள்ளே இருக்கும் கோர் எந்தத் தலைமுறை என்று சொல்லும்: 3 என்றால் ஜென் 3 குடும்பம், 4 என்றால் ஜென் 4. கிராபிக்ஸும் அதோடு மாறும். 7730யூவில் பழைய வேகா, 7735எச்எஸ்ஸில் ரேடியான் 680எம், 7840எச்எஸ்ஸில் 780எம். இன்டெல் என்100 வேறு ரகம்: 4 கோர், 4 திரெட், 6 வாட். பிரவுசர், வீடியோ, சின்ன சர்வர் வேலைக்குத் தாராளம். வீடியோ எடிட்டிங்குக்கு வாங்கினால் நொந்துபோவீர்கள்.

வாட் சோதனை

வாட்டையும் வெப்பத்தையும் காட்டும் எச்டபிள்யூ இன்ஃபோ மென்பொருளைத் திறந்து வைத்துக்கொண்டு, ப்ராசஸரை முழு மூச்சில் ஓட்டிப் பார்க்கும் சினிபெஞ்ச் ஆர்23-இன் 10 நிமிட மல்டி கோர் சோதனையை ஓட்டுங்கள். பார்க்க வேண்டியது ஸ்கோரை அல்ல, பேக்கேஜ் பவர், வெப்பநிலை, கிளாக் என்ற மூன்று வரிகளை. தொடங்கிய அரை நிமிடம் வாட் உயரத்தில் நிற்கும், பிறகு இறங்கும். இன்டெல் கணக்கில் முதலாவது பிஎல்2 (கொஞ்ச நேரத்துக்கான வாட் வரம்பு), இறங்கிய பின் நிலைப்பது பிஎல்1 (நீண்ட நேர வரம்பு). கடைசி நிமிடத்தில் நிலைத்து நிற்கும் வாட்தான் அந்தப் பெட்டியின் உண்மையான திறன்.

வெப்பம் 95 டிகிரியைத் தொட்டு வாட் சரிந்தால் குறை கூலரில்: ஃபேன், தூசி, அல்லது காய்ந்துபோன தெர்மல் பேஸ்ட். வெப்பம் 65-லேயே இருந்தும் வாட் சரிந்தால், பயாஸில் (விண்டோஸுக்கு முன்பே ஓடும் போர்டின் அமைப்புத் திரை) வரம்பு வைத்திருக்கிறார்கள். அங்கே பவர் மோடை ‘பெர்ஃபாமன்ஸ்’ ஆக்கிவிட்டு மறுபடி ஓட்டுங்கள். ஃபேன் சத்தம் கூடும். அதைப் பொறுக்க முடியுமா என்பது உங்கள் பாடு.

ரேம்

இந்த ப்ராசஸர்களில் கிராபிக்ஸுக்குத் தனி மெமரி கிடையாது, ரேமில்தான் பங்கு கேட்கும். டிடிஆர்4-3200 ரகம் ரேம் ஒரு சேனலில் நொடிக்கு 25.6 ஜிபி, இரண்டு சேனலில் 51.2 ஜிபி. அதனால் ஒரே 16 ஜிபி ஸ்டிக்கைவிட இரண்டு 8 ஜிபி ஸ்டிக் கேமில் நன்றாகவே முந்தும். சிபியு-இசட் மென்பொருளின் மெமரி பக்கத்தில் சேனலைப் பார்க்கலாம். டிடிஆர்5 என்றால் ஒற்றை ஸ்டிக்கிலேயே 32 பிட்டாக இரண்டு காட்டும், அதை டூயல் சேனல் என்று நம்பிவிடாதீர்கள். என்100-க்கு உள்ளதே ஒரு சேனல்தான், அங்கே இந்தக் கவலையே இல்லை. எல்பிடிடிஆர் என்று போட்டிருந்தால் ரேம் போர்டோடு சால்டர் செய்யப்பட்டது. பிறகு கூட்ட முடியாது.

கழற்றும் முன் பவர் வயரை உருவிவிடுங்கள். ஸ்க்ரூ கண்ணில் படாவிட்டால் ரப்பர் கால்களுக்கு அடியில் தேடுங்கள். மூடியை வெடுக்கென்று தூக்கக் கூடாது. அதில் 2.5 அங்குல டிரைவுக்கான பட்டை கேபிளோ, தலைமுடி கனத்தில் வைஃபை ஆன்டெனா வயரோ ஒட்டியிருக்கும். ரேமைச் சாய்த்துச் செருகி, இரு பக்கக் கிளிப்பும் ‘டக்’ என்று பிடிக்கும்வரை அமுக்குங்கள். டிடிஆர்5 மாற்றிய பின் முதல் பூட்டில் திரை சில நிமிடம் கறுப்பாகவே நிற்கலாம். மெமரி டிரெய்னிங், அதாவது புது ரேமுக்கு ஏற்றபடி போர்டு தன்னைச் சரிசெய்துகொள்வது, நடக்கிறது. பயந்துபோய் பவரை அணைக்க வேண்டாம்.

எஸ்எஸ்டி

டிரைவின் விவரம் காட்டும் கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோவில் ‘டிரான்ஸ்ஃபர் மோட்’ வரியில் இரண்டு மதிப்புகள் இருக்கும்: இப்போது ஓடுவது, டிரைவால் முடிவது. 3.0 எக்ஸ்1 (ஒரே லேன்) என்று காட்டினால் எவ்வளவு விலையுயர்ந்த டிரைவைப் போட்டாலும் நொடிக்கு 900 எம்பி அளவில்தான் நிற்கும். எக்ஸ்4 என்றால் 3,500 வரை போகும். என்100-க்கு மொத்தமே 9 லேன் என்பதால் இந்தச் சிக்கனம் அதில் சகஜம். எம்.2 ஸ்லாட் (எஸ்எஸ்டி செருகும் இடம்) பழைய, மெதுவான சாட்டா ரகத்தை மட்டும் ஏற்கும் வகையா என்பதையும் வாங்கும் முன்பே கேட்டுவிடுங்கள், அதில் வேகமான என்விஎம்இ டிரைவ் வேலையே செய்யாது.

போர்ட்டுகளும் அடாப்டரும்

எச்டிஎம்ஐ 1.4 என்றால் 4கே திரையில் 30 ஹெர்ட்ஸ்தான், மவுஸ் நகர்வதே திக்கித் திக்கித் தெரியும். 60 வேண்டுமானால் 2.0. டைப்-சி துளை இருப்பதாலேயே மானிட்டர் வேலை செய்துவிடாது. டைப்-சி வழியே படத்தை அனுப்பும் டிஸ்பிளே போர்ட் ஆல்ட் மோட் இருக்க வேண்டும். யூஎஸ்பி 3 டிரைவ் ஓடும்போது வயர்லெஸ் மவுஸ் தடுமாறினால் மவுஸைக் குறை சொல்லாதீர்கள்: அந்த போர்ட் கிளப்பும் இரைச்சல் 2.4 கிகாஹெர்ட்ஸில் போய் விழுகிறது. மவுஸின் டாங்கிளை (யூஎஸ்பியில் செருகும் ரிசீவர்) ஒரு நீட்டிப்பு வயரில் தள்ளி வைத்தால் சரியாகிவிடும், வைஃபையை 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றிக்கொள்ளலாம்.

அடாப்டரில் மட்டும் கைமாற்று வேண்டாம். 12 வோல்ட்டுக்கும் 19 வோல்ட்டுக்கும் பல பெட்டிகளில் ஒரே அளவு பின்தான். 12 வோல்ட் பெட்டியில் 19-ஐச் செருகினால் போர்டே போய்விடலாம். பெட்டியின் அடியில் அச்சிட்ட வோல்ட்டும் அடாப்டரில் இருப்பதும் அப்படியே ஒத்துப்போக வேண்டும், ஆம்பியர் கூடுதலாக இருந்தால் பாதகமில்லை.